இரவு நேர பாஸ்ட் ஃபுட் பழக்கத்தை விட வேண்டும்: அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

துரைப்பாக்கம் வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 31. பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். துரைப்பாக்கத்தில் இரண்டு நண்பர்களோடு வாடகை வீட்டில் தங்கியிருக்கிறேன். மதியம் 1 மணிக்கு அலுவலகக் கேன்டீனில் சாப்பிட்டால், அதன் பின் தேநீரைத் தவிர எதுவும் வயிற்றுக்குப் போவதில்லை. வேலை முடிந்து தெருமுனையில் வந்து இறங்கும்போது இரவு 9 மணி ஆகிவிடுகிறது. இறங்கும் இடத்திலேயே ஒரு பாஸ்ட் ஃபுட் வண்டி நிற்கிறது. கடாயில் கரண்டி தட்டும் சத்தமும் சோயா சாஸ் வாசனையும் எட்டியவுடன் கால்கள் தாமாக நின்றுவிடுகின்றன. சிக்கன் ஃப்ரைடு ரைஸ், சில்லி சிக்கன், ஒரு குளிர்பானம் என்பதே பெரும்பாலான நாட்களில் என் இரவு உணவாகிவிட்டது.

அண்மையில் செய்த இரத்தப் பரிசோதனையில், இரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.9 என்றும், இரத்தக் கொழுப்பு வகையான ட்ரைகிளிசரைடு 238 என்றும் வந்திருக்கின்றன. அப்பாவுக்கு இளம் வயதிலேயே சர்க்கரை நோய் வந்தது என்பதால் வீட்டில் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். எனக்கும் பயமாக இருக்கிறது. இது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, உணவையும் நடைப்பயிற்சியையும் ஒழுங்குபடுத்தினால் இப்போதைக்கு மாத்திரை தேவையில்லை என்று மருத்துவர் சொன்னார். இரவுக்கு வெள்ளரிக்காயும் கேரட்டும் நறுக்கிச் சாப்பிட்டுப் பார்த்தேன். 11 மணிக்குப் பசி தாங்காமல் செயலியில் பர்கர் வரவழைத்துச் சாப்பிட்ட பிறகுதான் தூக்கம் வந்தது.

இதை ஒரேயடியாக நிறுத்துவது நல்லதா, சிறிது சிறிதாகக் குறைப்பது நல்லதா? எங்கள் வீட்டில் ஒரு கேஸ் அடுப்பும் சிறிய ஃபிரிட்ஜும் குக்கரும் இருக்கின்றன. இரவு 9 மணிக்கு மேல் 20 நிமிடத்துக்குள் என்ன சமைத்துச் சாப்பிட முடியும்? நண்பர்கள் இருவரும் வெளியிலிருந்து வரவழைத்துச் சாப்பிடுகிறவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

உணவியல் ஆலோசகர், மதுரை

தம்பி, நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது மதியம் 1 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இடையில் இருக்கும் எட்டு மணி நேரம். அவ்வளவு நேரம் வெறும் வயிற்றோடு இருந்துவிட்டு வருகிறவரின் கால்கள் கடாய்ச் சத்தம் கேட்டு நிற்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். என்னிடம் வருகிறவர்கள் பலர் தங்களுக்கு மன உறுதி இல்லை என்று நொந்துகொள்கிறார்கள். விசாரித்துப் பார்த்தால் மாலைப் பசியைக் கவனிக்காமல் விட்டதுதான் காரணமாக இருக்கும். ஆகவே இரவு உணவைத் தொடுவதற்கு முன்னால் மாலை 6 மணிக்கு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு டப்பா கொண்டைக்கடலைச் சுண்டல், அல்லது இரண்டு அவித்த முட்டை, அல்லது ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் ஒரு கொய்யாப்பழமும் போதும். பிஸ்கட்டும் பப்ஸும் அந்த இடத்தை நிரப்பா. ஒரு மணி நேரத்தில் மறுபடியும் பசிக்கும்.

வெள்ளரிக்காயும் கேரட்டும் கைவிட்டதற்கும் இதுவே விளக்கம். அவற்றில் நீரும் நார்ச்சத்தும் உண்டே தவிரப் புரதம் மிகக் குறைவு. காய்கறி தட்டில் பாதியை அடைத்துக்கொள்ளட்டும், ஆனால் பருப்போ முட்டையோ மீனோ பனீரோ அதனோடு கட்டாயம் இருக்க வேண்டும்.

குளிர்பானத்தை மட்டும் இன்றைக்கே விட்டுவிடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். சாதாரணமாக 300 மில்லி பாட்டிலில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு, உணவில் தனியாகச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ட்ரைகிளிசரைடு ஏறுவதற்கு எண்ணெய்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். சர்க்கரை, மைதா, அளவுக்கு மீறிய வெள்ளைச் சோறு, மது ஆகியவையும் அதை ஏற்றிவிடும்.

பர்கர், சிப்ஸ் போன்றவற்றைப் பற்றி ஒரு செய்தி. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவும், வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்ற ஏற்பாட்டில் கொடுத்தார்கள். பரிமாறப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய சமமாக இருந்தும், முதல் வகையைச் சாப்பிட்ட நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள், வேகமாகவும் உண்டார்கள். வண்டிக் கடை ஃப்ரைடு ரைஸ் அந்த வகையில் அப்படியே அடங்காது. ஆனால் மென்மையாக, அதிகம் மெல்லத் தேவையில்லாமல், வேகவேகமாக உள்ளே போகும் உணவு என்ற அளவில் இரண்டும் ஒன்றுதான்.

நிறுத்துவதா குறைப்பதா என்று கேட்டீர்கள். குளிர்பானத்துக்கு நிறுத்தம், வண்டிக் கடைக்குக் குறைப்பு என்பது என் தீர்ப்பு. வாரத்தில் ஒரு நாளை நீங்களே முடிவுசெய்து, அன்று மட்டும் நிம்மதியாகச் சாப்பிடுங்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பழக்கங்கள் எப்படி அமைகின்றன என்று ஆராய்ந்தபோது, புதிய பழக்கம் படிய ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை பிடிக்கும் என்றும், சராசரி 66 நாள் என்றும் கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதகமாக இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று கைவிட்டுவிடாதீர்கள்.

முன்னாள் மாஸ்டர், திண்டுக்கல்

நான் பல ஆண்டுகள் பாஸ்ட் ஃபுட் மாஸ்டராக இருந்தவன் என்பதால் அந்தக் கடாயில் என்ன போகிறது என்று சொல்ல முடியும். சோற்றை மதியமே முக்கால் பதத்துக்கு வடித்து, எண்ணெய் தடவி ஆற வைத்துவிடுவோம். ஆர்டர் வந்ததும் காயும் கடாயில் ஒரு குழிக்கரண்டி எண்ணெய், முட்டை, கறி, சோறு, உப்பு, மிளகுத்தூள், அஜினோமோட்டோ, சோயா சாஸ் என்று வரிசையாகப் போகும்; இறக்கும்போது பளபளப்புக்காக மேலே இன்னும் கொஞ்சம் எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு. எல்லோரும் அஜினோமோட்டோவைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். உப்பில் இருக்கும் சோடியத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் அதில் இருக்கிறது. நாளுக்கு மொத்தம் 2000 மில்லிகிராம் சோடியம் என்பது வரம்பு; ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே சுமார் 900 மில்லிகிராம் வந்துவிடுகிறது, அதற்கு மேல் உப்பும் தனியாகச் சேர்கிறது. சாப்பிட்டபின் இரவெல்லாம் தாகம் எடுப்பது இதனால்தான்.

ஃப்ரைடு ரைஸைவிட நான் அஞ்சுவது சில்லி சிக்கனையும் கோபி மஞ்சூரியனையும்தான். பொரிக்கும் எண்ணெயில் உருவாகும் கெடுபொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. தெருவோர வண்டியில் அதை அளந்து பார்க்கும் கருவி எங்கே இருக்கிறது? கறுத்து, நுரைத்து, புகை எழும்பும் எண்ணெயைக் கண்ணால் பார்த்தே நீங்கள் விலகிக்கொள்ள வேண்டும். கர்நாடக அரசு 2024 மார்ச்சில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடை செய்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிச் சிவந்திருப்பதை வாங்காதீர்கள். இந்தத் தொழிலில் நிற்பவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. நெருப்புக்கு முன்னால் நள்ளிரவு வரை நிற்கும் உழைப்பு அது. எண்ணெயைக் குறையுங்கள், சாஸ் வேண்டாம், முட்டை ஒன்று கூடுதலாகப் போடுங்கள் என்று கேட்டால் மாஸ்டர்கள் பெரும்பாலும் செய்துகொடுப்பார்கள்.

வீட்டிலேயே செய்யுங்கள் தம்பி, 15 நிமிடம் போதும். முந்தைய நாள் சோற்றை உடனே ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் பருக்கை ஒட்டாது. இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் பூண்டு, பிறகு பொடியாக நறுக்கிய பீன்ஸ், கேரட், முட்டைகோஸ். அடுப்பைக் கூட்டியே வைத்து மூன்று நிமிடம் வதக்குங்கள். காயை ஓரமாக ஒதுக்கி இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி, கடைசியில் ஒரு கப் சோறும் மிளகும் சேருங்கள். கடையில் சோறு முக்கால் பங்கு, காய் பெயருக்கு. உங்கள் கடாயில் காய் சோற்றைவிட அதிகமாக இருக்கட்டும். சூடு இறங்காமல் பார்த்துக்கொண்டால் அந்த வாசனை வீட்டிலும் வரும்.

காவிரிக்கரை, திருச்சி

என் தம்பியும் சென்னையில் இப்படித்தான் தங்கியிருக்கிறான் என்பதால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இட்லி மாவு வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாளுக்கு வரும். கொண்டைக்கடலையை இரவில் ஊறவைத்து, காலையில் குளிக்கப் போகும் முன் குக்கரில் ஏற்றினால், கிளம்பும்போது தாளித்து டப்பாவில் அடைத்துவிடலாம். மாவு தீர்ந்த நாட்களுக்கு அடை மாவு அரைத்துக்கொள்ளலாம். பருப்பு நிறையச் சேர்வதால் இரண்டு அடைக்கே வயிறு நிறையும். அரிசிக்குப் பதில் சிறுதானியம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள், அதுவும் மாவுச்சத்துதான். செயலியில் சேமித்து வைத்திருக்கும் கார்டு விவரத்தை நீக்கிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் எண்களைத் தட்ட வேண்டியிருந்தால் பாதி ஆர்டர் நின்றுவிடும். முடிந்தால் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி வேறு தெரு வழியாக நடந்து வாருங்கள். நண்பர்களுக்குப் புத்தி சொல்ல வேண்டாம், மூன்று பேருக்கும் சேர்த்து முட்டைத் தோசை ஊற்றுங்கள்.

துரைப்பாக்கம் வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாலை 6 மணிச் சுண்டலை நாளையே தொடங்குகிறேன். ஒரு சந்தேகம்: 6 மணிக்குச் சாப்பிட்டுவிட்டால் 9 மணிக்கு மேல் எவ்வளவு சாப்பிடலாம்? வேலையால் தூங்கவே சில நாட்களில் 1 மணி ஆகிறது. அதுவும் பசியைத் தூண்டுமா?

உணவியல் ஆலோசகர், மதுரை

நிச்சயமாகத் தூண்டும். தூக்கம் குறைந்தால் பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுவதும், போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைவதும் ஆய்வுகளில் காணப்பட்டிருக்கின்றன. விழித்திருக்கும் அந்த நேரத்தில் மனம் இனிப்பையும் பொரித்ததையும்தான் கேட்கும். 9 மணிக்கு இரண்டு தோசை, ஒரு முட்டை, ஒரு கிண்ணம் பொரியல் அல்லது காய் நிறையப் போட்ட சாம்பார் போதுமானது. சாப்பிட்டபின் மொட்டை மாடியிலாவது 15 நிமிடம் நடந்துவிட்டுப் படுங்கள். ஹெச்பிஏ1சி ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டும் என்பதால், மூன்று மாதம் கழித்து அதையும் ட்ரைகிளிசரைடையும் மறுபடியும் பாருங்கள். இரத்தம் கொடுக்கும் முன் 10 முதல் 12 மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் சாப்பிடாதீர்கள், முடிவை அதே மருத்துவரிடம் காட்டுங்கள்.