டயல் போன் இண்டர்காம்: 15 சுத்தினா 14 அடிக்குது

முத்தியால்பேட்டை:
கீழே, மாடி, பின்கட்டு, வாசல் அறைன்னு நாலு ஐடிஐ கம்பெனி கறுப்பு டயல் போன். பழைய போனை நெட்வொர்க்ல சேர்க்குற நாலு போர்ட் ஏடிஏ பெட்டி, ராஸ்பெர்ரி பைங்குற குட்டிக் கம்ப்யூட்டர்ல ஆஸ்டரிஸ்க்னு எக்ஸ்சேஞ்ச் சாஃப்ட்வேர். நம்பர் 12ல இருந்து 15 வரை. ஏடிஏ செட்டிங்ஸ்ல பல்ஸ் டயலிங் (5 சுத்தினா அஞ்சு துடிப்பா எண்ணுற முறை) ஆன் பண்ணி ரீபூட் ஆச்சு. பெல் கணீர்னு அடிக்குது, பேச்சும் தெளிவு. மார்கழி பிறந்ததுல இருந்து ஒரே கூத்து. விடியக்காலை 6 மணிக்குக் கீழ இருந்து மாடிக்கு 15 சுத்தினா பின்கட்டுல 14 அடிக்குது. பாட்டி எழுந்து வந்து “யாருப்பா, யாரு?”ங்குறாங்க. 14 சுத்தினா 13க்குப் போகுது. 13 சுத்தினா எங்கேஜ் டோன் (12 இதே போனோட நம்பர்). மதியம் அதே போன்ல எல்லாம் சரியா போகுது. மத்த மூணு போன்ல இந்தத் தொல்லை இல்ல. இந்த ஒன்னு மட்டும் ஞாயிற்றுக்கிழமை சந்தையில வாங்கினது. விற்றவர் டயலுக்கு எண்ணெய் போட்டே கொடுத்தார். இப்படி யாராவது பார்த்திருக்கீங்களா?

லாசுப்பேட்டை:
அந்த எண்ணெயை மோந்து பாருங்க, தேங்காயெண்ணெயா இருக்கும். 24 டிகிரிக்குக் கீழ போனா உறையும். மார்கழிக் காலையில பாண்டியிலயே அந்தக் குளிர் வரும். டயல் திரும்பும்போது ஸ்பிரிங் இழுவை கடைசியிலதான் ரொம்பக் குறைவு. உறைஞ்ச எண்ணெய் அந்த இடத்துல பிடிக்குது. நாலு பல்ஸ் ஒழுங்கா போய், டயல் ஒரு கணம் நின்னு, அஞ்சாவது தாமதமா விழுது. அந்த இடைவெளியைப் பார்த்த ஏடிஏ எண் முடிஞ்சதுன்னு எடுத்துக்குது. உங்க டயல் பிளான் (எத்தனை எண் வந்தா கால் போகணும்ங்குற செட்டிங்) ரெண்டு எண் வந்ததும் அனுப்புற மாதிரி இருக்கும். 14 போயாச்சு, அஞ்சாவது பல்ஸ் வீண்.

சோதிக்கிறது சுலபம். மொபைலை டயல் பக்கத்துல வச்சு 0 சுத்துற சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி, ஆடாசிட்டிங்குற ஒலி சாஃப்ட்வேர்ல திறங்க. பத்துத் தட்டு தெரியும். முதல் தட்டுல இருந்து பத்தாவது வரை 0.9 விநாடி இருந்தா விநாடிக்கு 10 பல்ஸ், அதுதான் சரியான வேகம். 1.1 வந்தா 8 சொச்சம், மந்தம். ஒன்பது தட்டு சமமா வந்து பத்தாவது மட்டும் தள்ளி நின்னா எண்ணெய்தான்.

டயலைக் கழற்றி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல பிரஷ் நனைச்சுப் பல்சக்கரத்தைக் கழுவுங்க. காஞ்சதும் கடிகார எண்ணெய் ஊசிமுனை அளவு, தண்டு சுழலுற குழியில மட்டும். டயல் வேகத்தைக் கட்டுப்படுத்துற கவர்னர் கிண்ணத்துக்குள்ள ஒரு பொட்டுகூடப் போகக்கூடாது. அங்க உராய்வுதான் வேலையே. எண்ணெய் பட்டா பிரேக் பிடிக்காம டயல் பறக்கும், அப்புறம் வேற எண் தப்பா போகும்.

கடலூர் ஓ.டி.:
எண்ணெய் எண்ணெய்னு எல்லாத்தையும் அது தலையில கட்டாதீங்க சார். துறைமுகப் பக்கம் கடல் காத்துக்கு டயல் கான்டாக்ட் ஒரே வருஷத்துல கறுத்துடும். காலையில ஈரம் படிஞ்சிருக்கும், வெயில் ஏறினா காயும். அதனாலயும் மதியம் சரியாகலாம். கான்டாக்ட் ஒரு தடவை சேராம விட்டா ரெண்டு பல்ஸ் ஒட்டி ஒன்னாயிடும், அஞ்சு நாலாகும். வெள்ளைக் காகிதத்தை நறுக்கி, ஆல்கஹால்ல நனைச்சு, ரெண்டு பட்டைக்கும் நடுவுல வச்சு இழுங்க. காகிதம் கறுப்பா வரும், வெள்ளையா வர்ற வரை மாத்தி மாத்தி இழுங்க. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா மேல இருக்குற பூச்சு போயிடும், அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை இதே பாடு.

இங்க ஒரு வீட்டுல இதைவிட வேடிக்கை. ரிசீவரை வச்ச பிறகும் அந்த நம்பர் எப்பவும் எங்கேஜ். மூணு ஏடிஏ மாத்திட்டாங்க. பெல்லுக்கு வரிசையில இருக்குற காகிதக் கண்டன்சர் உள்ள கசிஞ்சு ஷார்ட். ரிசீவர் கீழே இருக்கும்போது, ஏடிஏல இருந்து கழற்றின போன் ஒயர்ல மல்டிமீட்டர் வச்சா டிசிக்கு ஓபன்னு காட்டணும். ஆயிரம் ஓம் பக்கம் காட்டினா பெல் காயில் வழியா கரண்ட் ஓடுதுன்னு அர்த்தம். ஏடிஏ அதை ரிசீவர் எடுத்ததா நினைச்சுக்குது. 2.2 மைக்ரோஃபாரட், 250 வோல்ட் பாலியெஸ்டர் கண்டன்சர் போட்டதும் தீர்ந்தது. பிளஸ் மைனஸ் போட்ட எலக்ட்ரோலிட்டிக்கை அங்க போடாதீங்க, அதுல போறது ஏசி மணி.

ஒயிட் டவுன்:
இங்க ஒரு தங்கும் விடுதியில ஸ்வீடன் எரிக்சன் போன். ரிசப்ஷனுக்கு 11 சுத்தினா 22, சமையல்கட்டு. எப்ப சுத்தினாலும் சமையல்கட்டுதான். கோளாறே இல்ல. ஸ்வீடன் டயல்ல விரல் நிறுத்தத்துக்குப் பக்கத்து முதல் துளை 0, அடுத்தது 1. 0க்கு ஒரு பல்ஸ், 1க்கு ரெண்டு, 9க்குப் பத்து. வாங்கும்போதே டயல் முகத்தைப் பாருங்க. நியூசிலாந்து டயல் இதுக்கும் தலைகீழ். கிராண்ட்ஸ்ட்ரீம் கம்பெனி ஏடிஏல பல்ஸ் டயலிங்குக்குக் கீழயே எந்த நாட்டு முறைன்னு தேர்வு இருக்கு, மாத்தினா முடிஞ்சது.

வில்லியனூர் லைன்மேன்:
எல்லாரும் போனையே குடையுறீங்க, ஒயரைப் பத்தி யாரும் பேசலை. கேட்டாலும் கேட்காட்டியும் சொல்லிடறேன்.

ஒரு மாடி வீட்டுல ஒரு பையன் ஜாயின்ட் போட ஒயரைப் பல்லால உரிச்சுக்கிட்டு இருந்தான். அந்த நேரம் பார்த்து மேல இருந்து யாரோ அந்த நம்பரைச் சுத்திட்டாங்க. சும்மா இருக்குற லைன்ல 48 வோல்ட் டிசி, மணி அடிக்கும்போது 75 வோல்ட்டுக்கு மேல ஏசி. ஆள் ஏணியில இருந்து விழாதது புண்ணியம். ஏடிஏ பிளக்கைப் பிடுங்காம ரோசெட்டை (சுவத்துல இருக்குற போன் பெட்டி) திறக்காதீங்க, பல்லை வேற எதுக்காவது வச்சுக்கோங்க.

தூரத்துக்குப் பயப்பட வேண்டாம். 0.5 மில்லிமீட்டர் செம்பு கிலோமீட்டருக்கு 88 ஓம் பக்கம். 30 மீட்டர் போய்த் திரும்பினாலும் 5 ஓம் சொச்சம்தான், வீட்டுக்குள்ள அது கணக்கே இல்ல. நம்மூர்ல கெடுக்கிறது ஜாயின்ட். முறுக்கி டேப் சுத்தின ஜாயின்ட் கடல் காத்துக்குப் பச்சை பூத்துடும், பேச்சுல கரகரப்பு வரும். ஜெல்லி வச்ச யுஒய் கனெக்டர்ல அழுத்துங்க, ரூபாய்க் கணக்குல கிடைக்கும். ஒரு போனுக்கு ஒரு முறுக்கு ஜோடி. ரெண்டு ஜோடியில இருந்து ஒவ்வொரு கம்பி எடுத்து ஓட்டினா ஒருத்தர் பேச்சு இன்னொருத்தருக்குக் கேட்கும். கரண்ட் பைப்புக்குள்ள போன் ஒயரை நுழைக்காதீங்க, 50 ஹெர்ட்ஸ் உறுமல் ஏறும், ஆபத்தும்கூட.

வெளியில தொங்குற ஒயர்னா ரெண்டு முனையிலயும் இடி வோல்டேஜைத் தரைக்குத் தள்ளுற 230 வோல்ட் கேஸ் டியூப் அரெஸ்டர் போட்டு எர்த் பண்ணுங்க. ஐப்பசி கார்த்திகை இடி இங்க சும்மா விடாது. 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயல் அடிச்ச பிறகு கடலூர்ல கரண்ட் எத்தனை நாள் இல்லாம கிடந்ததுன்னு எல்லாருக்கும் தெரியும். அதனால ராஸ்பெர்ரி பை, ஏடிஏ, ரவுட்டர் மூணையும் ஒரே யுபிஎஸ்ல கட்டுங்க. மூணும் சேர்ந்து 15 வாட் இழுத்தா 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி கிட்டத்தட்ட 4 மணி நேரம் தள்ளும்.

மஞ்சக்குப்பம்:
இவ்வளவு வேலையும் எதுக்கு? பழைய பானசோனிக் டிஇஎஸ்824 இபிஏபிஎக்ஸ் (ஆபீஸ்ல வைக்குற குட்டி எக்ஸ்சேஞ்ச் பெட்டி) ஒன்னு பிடிங்க. 3 லைன், 8 எக்ஸ்டென்ஷன். டயல் போனை நேரா மாட்டலாம், கம்ப்யூட்டரே வேண்டாம். ஒரே குறை, எண் 101ன்னு மூணு இலக்கத்துல தொடங்கும். 0க்குப் பத்துப் பல்ஸ், பாட்டிக்குப் பொறுமை வேணும்.

இன்னொன்னு. ஃபைபர் கனெக்‌ஷன் கொடுத்த ஓஎன்டி பெட்டியில டெலிபோன் போர்ட் இருக்கேன்னு அதுல மாட்டிட்டு ஏமாறாதீங்க. பல பெட்டிகள் பல்ஸை எடுக்காது. மணி அடிக்கும், பேசலாம், சுத்தினா டயல் டோன் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்.

ஏடிஏதான் வேணும்னா டயல் டோனையாவது மாத்துங்க. பெட்டியோட வர்றது அமெரிக்க டோன், 350, 440 ஹெர்ட்ஸ். அதை 375, 425 ஆக்கினா நம்ம பழைய எக்ஸ்சேஞ்ச் உறுமல் கிட்டத்தட்ட வந்துடும். கறுப்பு போன்ல அமெரிக்க டோன் கேட்கச் சகிக்கலை.

லாசுப்பேட்டை:
ஓ.டி. சாருக்கு: கான்டாக்ட் அழுக்குன்னா பிழை தாறுமாறா வரும். ஒரு தடவை 14, ஒரு தடவை 13, நடுவுல லைனே கட்டாகும். இங்க எப்பவும் சரியா ஒன்னு குறையுது, அதுவும் கடைசி எண்ணுல. அது ஈரமில்ல. ஆனாலும் காகிதம் இழுக்கிறதுல தப்பில்ல, டயல் கழற்றின கையோட செஞ்சிடுங்க.

நம்பரை 11, 12னு சின்னதா மாத்திட்டா போதும்னு யாராவது சொல்ல வருவாங்க. 11 தப்பிக்கும், 12 தப்பிக்காது.

முத்தியால்பேட்டை:
ரெக்கார்ட் பண்ணியாச்சு. காலையில ஒன்பது தட்டு ஒழுங்கா, பத்தாவது தனியா தள்ளி நிக்குது. மதியம் பத்தும் சமம், 0.95 விநாடி. எண்ணெயில தேங்காய் வாசனை தூக்குது. நாளைக்குக் கழுவிடுவேன். இன்னொரு சந்தேகம்: மாடி போர்ட்லயே சமையலறைக்கு அஞ்சாவது போன் ஒன்னை இணையா மாட்டினா, மாடியில சுத்தும்போது சமையலறை பெல் டிங் டிங்னு சிணுங்குது. இதுவும் எண்ணெயா?

வில்லியனூர் லைன்மேன்:
இல்ல. ஒவ்வொரு பல்ஸுக்கும் லைன் வோல்டேஜ் ஏறி இறங்குறதுல அந்த பெல் காயில் துடிக்குது. சமையலறை போனோட ரெண்டு ஒயரையும் இடம் மாத்திப் போடுங்க. பெல்லுல ஒரு பக்கம் இழுக்குற ஸ்பிரிங் இருந்தா அதோட நிக்கும். நிக்கலைன்னா அந்த பெல்லைக் கழற்றி விடுங்க, மாடி பெல் சத்தமே சமையலறைக்குக் கேட்கும். ரெண்டு பெல் ஒரே போர்ட்ல தொங்கினா பல்ஸோட வடிவமும் மழுங்கும், மறுபடி 15, 14னு வந்து நிப்பீங்க. உங்க நாலு போர்ட்டும் நிரம்பியாச்சு, இன்னொரு ஏடிஏ கிடைச்சா அதுல தனி போர்ட் கொடுத்துடுங்க.