லண்டன் வணிகச் சட்ட நிறுவனங்களில் பயிற்சி சொலிசிட்டர் பணி: வழிகாட்டல் தேவை

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் சட்டம் இரண்டாம் ஆண்டு படிக்கும் நான், லண்டன் வணிகச் சட்ட நிறுவனங்களின் பயிற்சி ஒப்பந்தத்துக்கு (சொலிசிட்டர் எனும் வழக்கறிஞராகத் தகுதி பெறுவதற்கான பயிற்சிப் பணி) விண்ணப்பித்து வருகிறேன். பெரிய நிறுவனங்கள் ஏறத்தாழ 2 ஆண்டுகள் முன்னதாகவே ஆள் எடுப்பதாலும், அவற்றுள் பல விடுமுறைக் காலப் பயிற்சிக்கு வந்தவர்களையே பெரிதும் தேர்ந்தெடுப்பதாலும், இந்தப் பருவத்தைத் தவறவிட எனக்கு மனமில்லை.

விண்ணப்பதாரரின் தர்க்கச் சிந்தனையைச் சோதிக்கும் வாட்சன் கிளேசர் தேர்வுக்குப் பயிற்சி எடுத்துவிட்டேன். விண்ணப்பத்தில் வரும் “எங்கள் நிறுவனம் ஏன்?” என்ற கேள்விதான் இடிக்கிறது, நான் எழுதும் பதில், பெயரை மட்டும் மாற்றினால் வேறெந்த நிறுவனத்துக்கும் பொருந்திவிடுகிறது. அவர்கள் கையாண்ட ஒரு நிறுவனக் கையகப்படுத்தலை எடுத்து, அதில் என்னை ஈர்த்த சட்டச் சிக்கலை விளக்கினால் போதுமா?

2021இல் எஸ்.க்யூ.இ. (சொலிசிட்டர் தகுதித் தேர்வு) முறை வந்தபின் சட்ட உதவி மையப் பணியும் சொலிசிட்டர் ஆவதற்குத் தேவையான தகுதி அனுபவமாகக் கணக்கில் வரக்கூடும் என்பதால், என் மையப் பணியை எவ்வளவு விரிவாகச் சொல்லலாம்? இத்துறையில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் யாரேனும் என் வரைவு ஒன்றைப் படித்துக் கருத்துச் சொன்னால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.