சித்தியின் முறுக்குப் படம்

சித்தி: கார்த்தி, நான் வாயில் முறுக்கோடு இருக்கிற படத்தை முதலில் நீக்கு. மாப்பிள்ளை வீட்டார்கூட இந்தக் குழுவில் இருக்கிறார்கள்.

கார்த்தி: நேற்று எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் சித்தி. மற்றதில் எல்லாம் பாஸ்போர்ட்டுக்கு நிற்கிற மாதிரி நிற்கிறீர்கள்.

சித்தி: கேட்காமல் எடுத்தது நல்ல படமா?

கார்த்தி: ஆண்டர்ஸ் பீட்டர்சன் என்று ஒரு ஸ்வீடன் புகைப்படக்காரர், 1944இல் பிறந்தவர். அவர் கதையே வேறு. தன்னைப் படம் எடுக்கச் சொல்லித்தான் ஆரம்பித்தார்.

பெரியப்பா: புரியும்படி சொல்லுப்பா.

கார்த்தி: 1960களின் கடைசி. ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுகப் பக்கம் ‘கஃபே லெமிட்ஸ்’ என்று ஒரு கடை.

பெரியப்பா: காப்பிக் கடையா?

கார்த்தி: பெயரில்தான் கஃபே. மேசையெல்லாம் பீர். மாலுமிகள், டாக்ஸி டிரைவர்கள், பாலியல் தொழில் செய்யும் பெண்கள், போக்கிடம் இல்லாதவர்கள். ஒரு ராத்திரி கேமராவை மேசையில் வைத்துவிட்டு ஆடப் போயிருக்கிறார். திரும்பிப் பார்த்தால் அது கை மாறி கை மாறிப் பறக்கிறது, ஒருவரை ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ‘என்னையும் எடுங்கள்’ என்று போய் நின்றாராம். அப்புறம்தான் கேமரா இவர் கைக்கு வந்தது. 1970 வரை அங்கேயே எடுத்தார்.

மீனா அக்கா: அமெரிக்கப் பாடகர் டாம் வெயிட்ஸின் 1985 இசைத்தட்டு அட்டைப் படம் இவர் எடுத்ததுதானே? சட்டையில்லாத ஆள் ஒருவன், சிரிக்கிற பெண் மேல் சாய்ந்திருப்பான். அது வெயிட்ஸ் என்றே நினைத்திருந்தேன்.

கார்த்தி: நிறையப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள் அக்கா. படத்தில் இருப்பவர் லெமிட்ஸ் வாடிக்கையாளர்.

பெரியப்பா: கஷ்டப்படுகிறவர்களைப் படம் பிடித்துப் பெயர் வாங்கியிருக்கிறான்.

கார்த்தி: எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது பெரியப்பா. ஆனால் 1970இல் அவருடைய முதல் கண்காட்சி நடந்தது அந்தக் கடைச் சுவரில்தான். சுமார் 350 படங்கள். தன் படத்தைப் பார்த்தவர் அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். புத்தகமாக ஜெர்மனியில் 1978இல் வந்தது, சொந்த ஊரான ஸ்வீடனில் 1982இல்தான்.

மீனா அக்கா: யாரிடம் படித்தார்?

கார்த்தி: ஸ்டாக்ஹோமில் கிறிஸ்டர் ஸ்ட்ரோம்ஹோமிடம். அவர் பாரிஸில் திருநங்கைகளோடு ஒரே விடுதியில் தங்கிப் படம் எடுத்தவர். பழகாமல் எடுக்கக் கூடாது என்பது இருவருக்குமே பொருந்தும். பீட்டர்சன் பிறகு சிறை, முதியோர் இல்லம், மனநல மருத்துவமனை என்று போனதும் அப்படித்தான், ஒவ்வொன்றிலும் வருடக்கணக்கில்.

சித்தி: சரி, கழற்றி எடுத்துப் போகலாம் என்றாயே. என் படத்தை இங்கிருந்து கழற்று. பிரிண்ட் போட்டு என்னிடம் கொடு, பெரிய சைஸில்.

பெரியப்பா: முறுக்கு முழுசாகத் தெரியட்டும்.