இடிமண் வேண்டாம், திமிசுமண்

வணக்கம். பலகை அச்சுக்குள் ஈரமண்ணைக் கொட்டி, இடித்து இறுக்கி எழுப்பும் சுவருக்குத் தமிழில் என்ன பெயர் என்று அக்கா கேட்டிருந்தார். 'மண்சுவர்' போதாது. குழைத்த மண்ணைக் கையால் படை படையாக வைப்பதும் மண்சுவர்தான், வரிச்சு கட்டி மண் அப்புவதும் மண்சுவர்தான். அங்கெல்லாம் மண் சேறாக இருக்கும். இதிலோ ஈரம் கொஞ்சம்தான், கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், அதைத் தோளுயரத்திலிருந்து போட்டால் சில துண்டுகளாக உடைய வேண்டும், உடையாமல் கிடந்தால் தண்ணீர் கூடிவிட்டது.

சீனாவின் ஃபூஜியான் மலைகளில் ஹக்கா மக்கள் கட்டிய பெரிய வட்ட வீடுகள் இந்த முறையில் எழுந்தவை. நம் பினாங்கின் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய அதே 2008-இல் அவையும் ஏறின. சீனத்தில் இதற்கு 'ஹாங்து' என்று ஒரே சொல் இருக்கிறது, நமக்கும் வேண்டும்.

அண்ணன் சொன்ன 'இடிமண்' எனக்கு ஒட்டவில்லை. இடிந்த வீட்டு மண் என்றுதான் காதில் விழுகிறது, புதுவீடு கட்டுகிறவரிடம் எப்படிச் சொல்வது? 'அடிமண்' இன்னும் சிக்கல். மேல்மண்ணை வழித்துவிட்டு அதன் கீழே உள்ள அடிமண்ணைத்தான் இந்தச் சுவருக்கே எடுக்கிறோம், அப்புறம் அடிமண்ணால் அடிமண் சுவர் என்று எழுத வேண்டிவரும்!

தரையை இறுக்கும் கட்டைக்குத் திமிசு என்ற பேர் ஏற்கெனவே இருக்கிறது. இங்கே பினாங்கில், பாலிக் பூலாவில் பழத்தோட்டக் கொட்டகைக்குச் சுவர் எழுப்பியபோது என் அப்பா கட்டையைப் பார்த்ததும் "இது திமிசுதானே" என்றார், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆகவே திமிசுமண், திமிசுமண் சுவர். வினையாகவும் வரும்: மண்ணைத் திமிசு போடு.

அடுத்து, கூரையைத் தாங்கும் மரத்தூண்கள். பினாங்கு மழையில் முதலில் தூண்களை நட்டுக் கூரை போட்டுவிட்டால், அதன் நிழலில் நனையாமல் சுவருக்கு மண்ணை இடித்து இறுக்கலாம், சுவர் கூரைப் பாரத்தைச் சுமக்கவும் வேண்டாம். இதற்குக் 'கம்ப வீடு' என்று எழுதினால் இங்கே எல்லாரும் கம்பத்து வீடு, அதாவது கிராமத்து வீடு என்றுதான் படிப்பார்கள் (மலாயில் கம்போங் என்றால் கிராமம்). 'மரக்கால்' என்றால் நெல் அளக்கும் அளவை. பந்தலுக்குக் கால் நடுகிறோம் அல்லவா, அதையொட்டி 'ஊன்றுகால்' என்கிறேன். சாய்த்து முட்டுக் கொடுப்பதையும் ஊன்றுகால் என்பார்கள் என்பது தெரியும், ஆனாலும் கம்பத்தைவிட இதில் குழப்பம் குறைவு.

பலகை அச்சுக்கு மட்டும் எனக்கு நல்ல சொல் அமையவில்லை. தச்சுவேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.