விக்டோரியா காலத்து லண்டன்ல சானிட்டரி இன்ஸ்பெக்டர் நிஜமா என்ன வேலை பார்த்தாரு?

காந்தல்_பையன்:
வணக்கம் மக்களே. ஊட்டியில இருந்து எழுதறேன், சானிட்டரி இன்ஸ்பெக்டர் கோர்ஸ் படிச்சுட்டு இருக்கேன். ஏழைங்க வாழ்ற இடத்தோட சுகாதாரம் பத்தின சாட்விக் ரிப்போர்ட் 1842, பொது சுகாதாரச் சட்டம் 1848, காலரா தண்ணியில பரவுதுன்னு காட்டின டாக்டர் ஜான் ஸ்னோ 1854னு பாடத்துல வேகமா ஓடிடறாங்க, ஆனா அந்த நெரிசலான தெருவுல வீடு வீடா ஏறி இறங்கின ஆள் என்ன பண்ணாருன்னு ஒரு வரி கூட இல்ல. கிருமி பத்தியே தெரியாம, நாத்தம்தான் காலராவைக் கொண்டு வருதுன்னு நம்பின காலம் அது, அப்புறம் எப்படி அவங்க வேலை பலிச்சுது? இன்னொண்ணு, ஒரே ரூம்ல எட்டு பேர் படுத்திருந்தா இன்ஸ்பெக்டர் என்ன செய்வாரு? காலி பண்ணுன்னு சொன்னா அவங்க எங்க போவாங்க? எங்க ஏரியாவுலயும் ஒண்டு குடித்தனம் ஜாஸ்தி, அதான் கேக்கறேன். தெரிஞ்சவங்க விளக்கமா சொல்லுங்க.

குன்னூர்_வாத்தியார்:
தம்பி, நல்ல கேள்வி. லண்டனுக்கு முன்னாடி லிவர்பூல்ல ஆரம்பிக்கணும். 1846ல அந்த ஊருக்குன்னு தனிச்சட்டம் வந்து, டாக்டர் டங்கன் மெடிக்கல் ஆபீசர், நியூலாண்ட்ஸ் இன்ஜினியர், தாமஸ் ஃப்ரெஷ் இன்ஸ்பெக்டர்னு மூணு பேரும் சேர்ந்து வேலை பார்த்தாங்க. மூணாவது ஆளை யாரும் ஞாபகம் வெச்சுக்கறதில்ல, ஆனா தெருத்தெருவா நடந்தது அந்த ஆளும் அவர் கீழ இருந்தவங்களும்தான். லண்டன்ல 1855 சட்டத்துக்கு அப்புறம்தான் ஒவ்வொரு வெஸ்ட்ரியும், அதாவது நம்ம ஊர் கவுன்சில் மாதிரி, கட்டாயம் ஆள் போடணும்னு ஆச்சு. அப்போ பதவிப் பேரே இன்ஸ்பெக்டர் ஆஃப் நியூசன்ஸ், அதாவது அழுக்கு, நாத்தம் மாதிரி தொல்லைகளைப் பார்க்கறவர்.

நாத்தம் விஷயத்துக்கு வர்றேன். காரணம் தப்பு, ஆனா நாத்தம் எங்கயோ மலமும் அங்கதான், அதனால நாத்தத்தை துரத்தினப்ப நோயையும் பாதி துரத்திட்டாங்க. நிரம்பி வழியற குழி கக்கூஸை காலி பண்ண வெச்சாங்க, முத்தத்துல கல் பாவ வெச்சாங்க, சுவத்துக்கு சுண்ணாம்பு அடிக்க வெச்சாங்க. அதே நம்பிக்கை பெரிய கெடுதலும் பண்ணிருக்கு, அதை மறந்துடக் கூடாது. 1848-49 காலராவுல, நாத்தம் போனா போதும்னு குழிகளோட அழுக்கை எல்லாம் சாக்கடை வழியா தேம்ஸ்ல தள்ளி விட்டாங்க, அந்த ஆத்துத் தண்ணியைத்தான் ஜனங்க குடிச்சுட்டு இருந்தாங்க. லண்டன்ல மட்டும் 14,000 பேர் செத்தாங்க. கோடப்பமந்து கால்வாய் கழிவையெல்லாம் சுமந்துட்டு நம்ம ஏரிக்குள்ள போறதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

ரிட்டயர்டு_எஸ்ஐ:
தம்பி நான் இதே டிபார்ட்மெண்ட்ல சானிட்டரி இன்ஸ்பெக்டரா இருந்து ஓய்வு பெற்றவன். சார் வரலாறு சொல்லிட்டாரு, நான் வேலையைச் சொல்றேன். அந்தக் காலத்துல வீட்டு டிரெய்ன் லீக் ஆகுதான்னு பார்க்க பெப்பர்மிண்ட் டெஸ்ட் பண்ணுவாங்க. ஒரு ஆள் கூரை மேல ஏறி, கக்கூஸ் பைப்போட மேல் வாயில பெப்பர்மிண்ட் எண்ணெயை விட்டு பின்னாடியே சுடுதண்ணி ஊத்துவான். இன்ஸ்பெக்டர் கதவு ஜன்னலைச் சாத்திட்டு ஒவ்வொரு ரூமா மோந்து பார்த்துட்டு வருவாரு, எங்க பெப்பர்மிண்ட் வாசம் வருதோ அங்க பைப் ஒழுகுதுன்னு அர்த்தம். ஊத்தின ஆள் மட்டும் டெஸ்ட் முடியற வரைக்கும் வீட்டுக்குள்ள காலே வெக்கக் கூடாது, அவன் கையில துணியில வாசம் இருக்கும், டெஸ்டே கெட்டுப் போயிடும். நம்ம மலைச்சரிவுல மேல் வீட்டு பைப் கீழ் வீட்டு சுவத்துக்குள்ள ஊறும்போது எந்த வீட்டுதுன்னு கண்டுபிடிக்கறது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியும், அவங்க கிட்ட கேமரா கிடையாது மூக்குதான் இருந்துச்சு.

லீக் கண்டுபிடிச்சதும் நோட்டுல எழுதி, ஓனருக்கு நோட்டீஸ், இத்தனை நாளைக்குள்ள சரி பண்ணுன்னு. பண்ணலைன்னா மாஜிஸ்ட்ரேட் கிட்ட கேஸ். ஆனா நோட்டீஸ் கொடுக்கறது பாதி வேலைதான், திரும்பப் போய் பார்க்கறதுதான் மீதிப் பாதி. ஓனர் அடைச்சுட்டேன்னு வாயால சொல்லுவான், நீ மூடியைத் தூக்கிப் பார்க்கணும். எத்தனை சட்டம் இருந்தாலும் ரெண்டாவது தடவை போகாத இன்ஸ்பெக்டரால ஒரு கக்கூஸ் கூட சரியாகாது.

இன்னொண்ணு, ரூம்ல காத்து வரலைன்னு இன்ஸ்பெக்டர் திட்டுவாரு, ஜனங்க ஜன்னல் சந்துல துணியையும் பேப்பரையும் அடைச்சு வெச்சிருப்பாங்க. சோம்பேறித்தனம்னு எழுதினவங்க உண்டு. உறைபனி நேரத்துல நம்ம லயன் வீட்டுல இருந்து பார்த்தவங்களுக்குத் தெரியும், கரி வாங்கக் காசில்லாதவன் இருக்கற சூட்டை வெளிய விட மாட்டான். (குளிருக்கு கரி அடுப்பை உள்ள வெச்சு கதவைச் சாத்தித் தூங்கறது மட்டும் யாரும் தயவு செஞ்சு பண்ணாதீங்க, உயிரே போயிடும்.)

மலைக்காத்து:
எல்லாரும் இன்ஸ்பெக்டர் பத்தி மட்டும் பேசறீங்க. குழியை காலி பண்ண வெச்சாங்கன்னு சார் ஈசியா எழுதிட்டாரு, அதுக்குள்ள இறங்கினது யாரு? லண்டன்ல நைட் சாயில் ஆளுங்கன்னு, அதாவது மலம் அள்றவங்க இருந்தாங்க, ஊர் தூங்கினப்புறம் ராத்திரியிலதான் அவங்க வேலை செய்யணும், ஒருத்தன் குழிக்குள்ள இறங்கி வாளியில ரொப்ப மத்தவங்க தூக்கிட்டுப் போய் வண்டியில கொட்டணும். எங்க அப்பாவும் துப்புரவு வேலைதான் பார்த்தாரு, அதனால சொல்றேன். தம்பி நீ நாளைக்கு இன்ஸ்பெக்டரா போனா நோட்டீஸ் எழுதும்போது யாரு கையால இது சுத்தமாகப் போகுதுன்னு யோசி. மனுசனை இறக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டுல 1993லயும் 2013லயும் சட்டம் போட்டாச்சு.

காந்தல்_பையன்:
அக்கா ரொம்ப நன்றி, இது எங்க பாடத்துல சொல்லாத விஷயம், கண்டிப்பா மனசுல வெச்சுக்கறேன். சார், நெரிசல் பத்தி கேட்டிருந்தேனே, அது?

குன்னூர்_வாத்தியார்:
அக்கா சொன்னது நூத்துக்கு நூறு நியாயம். தம்பி, நெரிசலுக்கு ஸ்காட்லாந்துல இருக்கற கிளாஸ்கோவைப் பாரு. 1862ல ஒரு சட்டம் போட்டு சின்ன வீடுகளை அளந்தாங்க, ஒரு ஆளுக்கு 300 கன அடி, சின்னப் பசங்க ரெண்டு பேர் சேர்ந்தா ஒரு ஆள் கணக்கு. பத்துக்குப் பத்து ரூம், எட்டடி உயரம்னா 800 கன அடி, ரெண்டு பெரியவங்க ஒரு குழந்தையோட முடிஞ்சுது. அந்த எண்ணிக்கையை ஒரு தகட்டுல எழுதி கதவுலயே அடிச்சுடுவாங்க. இன்ஸ்பெக்டருங்க நடு ராத்திரி விளக்கோட வந்து கதவைத் தட்டுவாங்க, கூடுதலா இருக்கறவங்க அலமாரிக்குள்ளயும் கூரை மேலயும் போய் ஒளிவாங்க. வாடகையைப் பங்கு போட சொந்தக்காரனையோ இன்னொரு குடித்தனத்தையோ சேர்த்திருப்பாங்க, வேற வழி இல்ல.

நீ கேட்டதுக்கு நேரா பதில் சொல்லணும்னா, வெளிய போனவங்க பக்கத்துத் தெருவுல இன்னும் நெரிசலான ரூமுக்குத்தான் போனாங்க. லண்டன்லயும் 1866 சட்டம் நெரிசலை குத்தம்னு சொல்லிடுச்சு, பல வெஸ்ட்ரி அதைத் தொடவே இல்ல. காரணம், இன்ஸ்பெக்டருக்கு சம்பளம் கொடுக்கறதும் வெஸ்ட்ரி, வேலையை விட்டுத் தூக்கறதும் வெஸ்ட்ரி, அதுல உக்காந்திருந்தவங்கள்ல பல பேர் அந்த இடிஞ்ச வீடுகளை வாடகைக்கு விட்டவங்க. கிளார்க்கன்வெல் பகுதியில இது எப்படி நடந்துச்சுன்னு 1884-85 ராயல் கமிஷன், அதாவது அரசு போட்ட விசாரணைக் குழு, நடத்தின விசாரணையில வெளிய வந்துச்சு. தன் எஜமானன் வீட்டுக்கே நோட்டீஸ் எழுதணும்னா எத்தனை பேருக்கு கை வரும் சொல்லு. 1891 சட்டம் வந்தப்புறம்தான் லண்டன்ல படிச்சு சர்டிபிகேட் வாங்கினவங்க இந்த வேலைக்கு வரணும்னு ஆச்சு. 1893ல கென்சிங்டன் வெஸ்ட்ரி ரோஸ் ஸ்கொயர், லூசி டீன்னு ரெண்டு பெண்களையும் சேர்த்துச்சு, பொம்பளைங்க வேலை பார்த்த ஒர்க்‌ஷாப், சலவைக்கடைன்னு அவங்க போய் பார்த்தாங்க.

ரிட்டயர்டு_எஸ்ஐ:
தம்பி, 1939 மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டத்தை எடுத்து நெரிசல், லாட்ஜிங் ஹவுஸ் பத்தின பகுதியைப் படி, இன்னைக்கும் நம்ம ஸ்டேட்ல அதுதான் நடைமுறை. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை நம்ம மார்க்கெட் பின்பக்கம் வா, மூடியைத் தூக்கி எப்படிப் பார்க்கறதுன்னு நேர்ல காட்டறேன்.