பழைய சாமான் கடையில கருத்துப்போய் கிடந்த ஸ்டெர்லிங் வெள்ளி: உங்க கைக்கு சிக்கினது என்ன?

செகண்ட் ஹேண்ட் கடைக்குள்ள நுழைஞ்சதும் எல்லாரும் நேரா போறது கண்ணாடி அலமாரிக்குத்தான், அங்க பளபளன்னு பெரிய ட்ரே, டீபாட் எல்லாம் நிக்கும், ஆனா அதுல பெரும்பாலும் வெள்ளி முலாம் பூசினதுதான். எனக்கு நிஜ வெள்ளி கிடைச்சதெல்லாம் ஜோடி இல்லாத ஸ்பூன், பழைய சாவி, ஓப்பனர்னு கலந்து கொட்டி வெச்சிருப்பாங்களே, அந்த டப்பாக்குள்ள இருந்துதான்.

சமீபத்துல அப்படி ஒண்ண கிளறிட்டு இருந்தப்போ அடியில உள்ளங்கைக்குள்ள அடங்குற ஒரு குட்டிக் கிண்ணம், மூணு கால் வெச்சது, வெளிப்பக்கம் முழுக்க அட்டக்கருப்பு, உள்பக்கம் மட்டும் லேசா தங்கநிறம். அந்த நிறத்த பாத்ததுமே கை பரபரன்னு ஆயிடுச்சு. அது சாப்பாட்டு மேஜைல உப்பு வைக்குற கிண்ணம்ங்க. உப்பு பட்டா வெள்ளி அரிச்சுப்போகும், அதனால அந்தக் காலத்துல உள்ள தங்க முலாம் பூசுவாங்க, இல்லன்னா நீலக் கண்ணாடியில சின்னதா ஒரு கிண்ணம் செஞ்சு உள்ள இறக்கிடுவாங்க. முலாம் சாமான்லயும் இதே மாதிரி செஞ்சிருக்காங்க, அதனால முத்திரைய பாக்காம எதையும் நம்பக்கூடாது.

கவுத்து, கட்டைவிரலால அழுத்தித் துடைச்சு, லென்ஸ் வெச்சு பாத்தா நடக்குற சிங்கம், நங்கூரம், ஒரு எழுத்து, ஒரு பெண் தலை, அப்புறம் செஞ்சவரோட இனிஷியல். சிங்கம்னா இங்கிலாந்து ஸ்டெர்லிங், அதாவது 1000 பங்குல 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. நங்கூரம்னா பர்மிங்காம் சோதனைச் சாலை, அதாவது வெள்ளியோட தரத்த சோதிச்சு முத்திரை குத்துற இடம், 1773ல ஆரம்பிச்சது. தலை இருக்கே, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச முத்திரை, 1784ல இருந்து 1890 வரைக்கும் வரி கட்டியாச்சுங்குறதுக்கு அடையாளமா ராஜா இல்ல ராணியோட தலைய குத்தினாங்க. பெண் தலைன்னா விக்டோரியா மட்டும்தான், அவங்க பட்டத்துக்கு வந்தது 1837, அப்போ இந்தக் கிண்ணம் 1837க்கும் 1890க்கும் நடுவுலன்னு கடையில நின்னுகிட்டே சொல்லிடலாம். அந்த எழுத்து வருஷத்தக் குறிக்குறது. எழுத்தோட வடிவம், அதச் சுத்தி இருக்குற கட்டத்தோட வடிவம் ரெண்டையும் அட்டவணையில ஒப்பிட்டுப் பாக்கணும், அத வீட்டுக்கு வந்து பொறுமையா பண்ணேன், 1850கள்ல செஞ்சது.

—

அருமையான பொருள் ப்ரோ! நங்கூரம் விஷயத்துல ஒண்ணு சேத்துக்கோங்க, சிங்கமும் நங்கூரமும் சேந்து இருந்தாலே பர்மிங்காம்னு முடிவு பண்ணிடக்கூடாது. அமெரிக்காவோட கோர்ஹாம் கம்பெனி முத்திரையும் சிங்கம், நங்கூரம், கூட 'ஜி' எழுத்து. ஆனா அதுல ஸ்டெர்லிங்னு முழு வார்த்தையா அடிச்சிருப்பாங்க, வருஷ எழுத்து முறையும் வேற. எனக்கு அப்படி ஒரு ஃபோர்க் கிடைச்சுது, ரப்பர் பேண்ட் போட்டு கட்டி வெச்சிருந்த எவர்சில்வர் ஃபோர்க் கட்டுக்கு நடுவுல இருந்துச்சு, அது ஒண்ணு மட்டும் மத்தத விட கருப்பா தெரிஞ்சதால உருவிப் பாத்தேன்.

அதே கடையில ஒருத்தர் '1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்'னு போட்ட ஸ்பூன் செட்ட 1847ல செஞ்ச வெள்ளின்னு நினைச்சு எடுத்து வெச்சிருந்தார். அந்த நம்பர் பிராண்ட் பேர்ல ஒரு பகுதிங்க, செஞ்ச வருஷம் கிடையாது, அது முலாம் சாமான். பக்குவமா சொன்னேன், அவரும் லென்ஸ வாங்கிப் பாத்துட்டு நன்றி சொன்னார். முலாம் சாமான்ங்குறதுக்கான சுருக்கெழுத்து இ பி என் எஸ், அதுல ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனி கட்டத்துல அடிச்சு ஹால்மார்க் மாதிரியே காட்டுறதும் உண்டு. அந்த முலாமுக்கு அடியில இருக்குறது ஜெர்மன் சில்வர், செம்பு, நிக்கல், துத்தநாகம் மூணும்தான், வெள்ளி துளிகூட கிடையாது. ஸ்பூன கவுத்து வெச்சா மேஜைல உரசுற அடிப்பக்கத்தப் பாருங்க, அங்க வேற நிறம் எட்டிப் பாத்தா முலாம் தேஞ்சிருக்குன்னு அர்த்தம்.

—

மெழுகுவர்த்தி ஸ்டாண்ட் பத்தி யாரும் சொல்லலையே. தூக்கிப் பாத்தா நல்ல கனம், அடியில ஸ்டெர்லிங்னும் இருக்கும், பக்கத்துலயே 'வெயிட்டட்'னு ஒரு வார்த்தையும் இருக்கும். வெளிய மெல்லிசா வெள்ளித் தகடு, உள்ள சிமெண்ட்டோ கீலோ அடைச்சிருப்பாங்க. எடை போட்டு வெள்ளி மதிப்பு கணக்கு பண்றவங்க இத கட்டாயம் பாருங்க. கத்தியும் அப்படித்தான், கைப்பிடி மட்டும் வெள்ளி, அதுவும் மெல்லிசான கூடுதான்.

காந்தம் எடுத்துட்டுப் போறது நல்லதுதான், ஒட்டுச்சுன்னா வெச்சுட்டு நகரலாம். ஒட்டலன்னா வெள்ளின்னு அர்த்தம் இல்ல, பித்தளையும் ஜெர்மன் சில்வரும் கூட ஒட்டாது.

அந்த உப்புக் கிண்ணத்த என்ன பண்ணீங்க? தயவு செஞ்சு திரவத்துல முக்குற பாலிஷ் மட்டும் வேண்டாம், வேலைப்பாட்டு இடுக்குல இருக்குற கருப்பும் சேந்து போயிட்டா உருவமே தட்டையா தெரியும்.

—

முக்கல. வெதுவெதுப்பான தண்ணி, கொஞ்சம் பாத்திரம் கழுவுற சோப்பு, பருத்தித் துணி, அவ்வளவுதான். உள்பக்கத் தங்க முலாம் ரொம்ப மெல்லிசு, அதத் தேய்க்கவே இல்ல, ஒத்தி மட்டும் எடுத்தேன். கருப்பு முழுசா போகல, போகவும் வேண்டாம், இப்போ கால்ல செதுக்கின இலை நரம்பு கூட தெரியுது. ஜோடிக் கிண்ணம் அந்தக் கடையிலேயே எங்கயாவது கிடக்கும்னு தோணுது, திரும்பப் போய்த் தேடப்போறேன்.