பித்தளைக் குமிழ் இரும்பில் நிற்கவில்லை, அவசரம்

சுண்ணாம்பாறு: புதுச்சேரியில் பழைய வீட்டு கேட். உச்சியில் பித்தளைக் குமிழ், கீழே இரும்புக் கம்பி. பற்றவைத்தால் பிடித்த மாதிரிதான் இருக்கிறது, ஆறியதும் லேசாகத் தட்டினால் கையோடு வந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். சீக்கிரம் சொல்லுங்கள்.

ஓ.டி. டர்னர்: எதை வைத்துப் பற்றவைத்தீர்கள்? கரண்ட் ஆர்க்கா, கேஸ் சுடரா? என்ன கம்பி?

பட்டறை மாமா: இதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டுமா தம்பி? ஆர்க் என்றால் கதை முடிந்தது. பித்தளையில் உள்ள துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துப் புகையாகிவிடும். இழுத்தால் ராத்திரி குளிர்ஜுரம். ஐ.டி.ஐ. பையனுக்கே தெரியும்.

சுண்ணாம்பாறு: கேஸ்தான். ஏசி மெக்கானிக் நண்பர் கொடுத்த கம்பி.

ஓ.டி. டர்னர்: அதுதான் விஷயம். செம்புக் குழாய்க்கான அந்தக் கம்பியில் பாஸ்பரஸ் இருக்கும். செம்புக்கு அருமை, இரும்பில் பட்டால் ஒட்டுமிடத்தில் நொறுங்கும் படலம் உண்டாகிவிடும். உடைந்த இடத்தைப் பாருங்கள், ஒட்டு முழுக்கப் பித்தளைப் பக்கமே போயிருக்கும். 56 சதவீத வெள்ளிக் கம்பி, காட்மியம் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள், கூடவே அதற்கான ஃப்ளக்ஸ், அதாவது சூட்டில் உலோகத்தின் மேல் படியும் படலத்தைக் கரைத்து ஒட்டவிடும் பசை. இரும்பை எமரித் தாள் போட்டுப் பளிச்சென்று ஆக்கி, சுடரை அதன் மேலேயே அதிகம் காட்டுங்கள்.

பழைய பத்தர்: ஃப்ளக்ஸ் எதற்கு? வெங்காரத்தை இழைத்துப் பூசினால் போதும்.

பட்டறை மாமா: வெங்காரம் உருகவே 740 டிகிரி தாண்ட வேண்டும். அந்த வெள்ளிக் கம்பி 650ஐ ஒட்டியே உருகி ஓடிவிடும்.

பழைய பத்தர்: நகைக்கு நாங்கள் வைக்கும் பற்றுப்பொடி அதைவிடச் சூட்டில்தான் உருகி ஓடும். ஒரு கொலுசு பற்றவைத்துக் காட்டிவிட்டுப் பேசுங்கள்.

பட்டறை மாமா: அவர் கேட்டது கேட். கொலுசு இல்லை.

உப்புக்காற்று: நெருப்பே வேண்டாம். குமிழில் மரை போட்டு, எப்பாக்சி பசை தடவித் திருகுங்கள். கடற்காற்றில் பித்தளை தொடும் இடத்தில் இரும்புதான் அரிக்கும்.

பட்டறை மாமா: பச்சை பிடிப்பது பித்தளைதானே?

உப்புக்காற்று: பச்சை மேலோடு நிற்கும். கழுத்தில் இளைப்பது இரும்பு. இரும்புப் படகின் அடியில் துத்தநாகக் கட்டி எதற்காம்? இரும்புக்குப் பதில் அது அரிபடத்தானே?

சுண்ணாம்பாறு: வெள்ளிக் கம்பி கிடைத்தது. எல்லாம் நிற்கிறது. நன்றி அண்ணா. போட்டோ அப்புறம்.

ஓ.டி. டர்னர்: ஃப்ளக்ஸைச் சுடுதண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினீர்களா? மிச்சம் இருந்தால் அதுவே அரிக்கும்.

ஓ.டி. டர்னர்: தம்பி?